சாப்பிட்டாயா என்று கேட்கும் வில்லன்

என் மகளுடைய அரக்க ராஜா ஒரு கிராமத்தை எரித்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய தோழி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டின் முன்னறை. 2003-ஆம் வருடம், செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை மதியம். மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளும் பள்ளித் தோழிகள் மூன்று பேரும் வாராவாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் கதவைத் திறக்கிறேன், நான் ஓடுகிறேன் என்று சொல்வார்கள். ஓடித் தப்பித்தார்களா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். கதை சொல்வது என் மகள். கதையில் வரும் கெட்டவனாகப் பேசுவதும் அவள்தான்.

"உங்க எல்லாரையும் எரிச்சு சாம்பலாக்கிடுவேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"ஓகே," என்றாள் சிப்ஸ் தின்ற பெண். "எரிச்சு முடிச்சதும் கூப்பிடு. நான் பாத்ரூம் போயிட்டு வர்றேன்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். போகும்போது, அடுத்த சனிக்கிழமை மாலுக்குப் போகலாமா என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் என் மகள் சேர்க்கப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பள்ளியில் அவளுக்கு இருந்த தோழிகள் அந்த மூன்று பேர்தான்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவள் எம்.சி.ஏ. படித்தவள், நான் பன்னிரண்டாம் வகுப்பு. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவனை அவளுடைய விசாதான் இங்கே கொண்டுவந்தது. ஊரில் இருந்தபோதே நான் அதிகம் பேசமாட்டேன். இங்கே வந்த பிறகு போன் அடித்தால்கூட எடுப்பதில்லை.

"உன் ராஜா ரொம்பக் கத்துறான்மா," என்றேன்.

"வில்லன்னா கத்தணும் அத்தா."

"கத்துறவனப் பாத்து யாரு பயப்படுவா? எங்க கடை முதலாளி ஒரு நாளும் கத்துனதில்ல."

அவரைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். கடையில் இருபத்தாறு பேர் வேலை பார்த்தோம். முதலாளி வெள்ளைச் சட்டையோடு மெல்ல நடந்து வருவார். யாரையும் திட்டியதில்லை. ஆனால் ஏதாவது ஒரு நாள் ஒருவன் தோளில் கை வைத்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பார். கேட்டால் முடிந்தது. மறுநாள் அவன் கடையில் இருக்கமாட்டான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பத்து வருடம் அவரிடம் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் செருப்புச் சத்தம் கேட்டால் மடித்து வைத்த புடவையையே மறுபடி பிரித்து மடிப்பேன்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். "உங்களக் கேட்டாரா?"

"கேக்கல. அதுக்குள்ள உங்கம்மாவுக்கு விசா வந்துருச்சு."

இப்படித்தான் அந்த வில்லன் பிறந்தான். மலைக்கு அப்பால் மதில் சூழ்ந்த ஓர் ஊர். தோழிகள் மூவரும் வழிப்போக்கர்கள். பனி விழுமுன் அந்த ஊருக்குள் போய்விட வேண்டும், இல்லையென்றால் மலையிலேயே உறைந்து சாவார்கள். வாசலில் பெயர்ப்பட்டியலோடு ஒரு மனிதன். கவசம் இல்லை, வாள் இல்லை. சுத்தமான மேஜை, தண்ணீர்க் கூஜா, ஒரு டம்ளர். மெதுவாகப் பேசுவான். அவன் யாரையும் கொல்வதில்லை. ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குப் பெயரை மாற்றி எழுதுவான், அவ்வளவுதான்.

"அவன் ஏன் கெட்டவன்? அவனுக்கு என்ன வேணும்?" என்று மகள் கேட்டாள்.

"தான் கெட்டவன்னு அவனுக்குத் தெரியாதும்மா. ஊரக் காப்பாத்துறேன்னு நினைக்கிறான். மதிலுக்கு உள்ள போய்க் கேட்டுப் பாரு, எல்லாரும் அவன நல்லவன்னுதான் சொல்லுவாங்க."

முதல் மூன்று வாரம் அவனைக் காட்டாதே, கடிதம் மட்டும் வரட்டும் என்று சொன்னதும் நான்தான். பார்க்காத ஆளுக்குத்தான் மனம் முகம் வரைந்துகொண்டே இருக்கும். அதை நான் எங்கேயும் படிக்கவில்லை. எங்கள் வீட்டுத் தபால்பெட்டியிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அப்போது நிரந்தரமாக இங்கே தங்குவதற்கான எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. குடியேற்ற அலுவலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் மரியாதையாகத்தான் இருக்கும். உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது, தற்சமயம் உங்கள் தரப்பில் எந்த நடவடிக்கையும் தேவையில்லை. அதைப் படித்துவிட்டு நாங்கள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடமாட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் பேச்செல்லாம் யாருடைய கேஸ் எங்கே நிற்கிறது என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் பாதுகாப்புக்கான பெயர்ச் சரிபார்ப்பு என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு வருடமாக நின்றார். என் பெயரும் ஏறக்குறைய அவர் பெயர்தான். "வெளிய யார்ட்டயும் ஒண்ணும் பேசிக்காதீங்க," என்று மனைவி சொல்வாள். என்னிடம் அதைச் சொல்லவே தேவையில்லை.

வில்லனின் கடிதங்களை நான் எழுதினேன். என் ஆங்கிலத்தை மகள் திருத்துவாள். வாக்கியங்களை எங்களுக்கு வந்த கடிதங்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். கடைசி வரி மட்டும் முதலாளியுடையது. சாப்பிட்டாயா?

முதல் கடிதத்தை மகள் மேஜையில் வைத்துப் படித்த அன்று, சிப்ஸ் பெண்ணின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். மாலுக்குப் போகும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நாலாவது வாரம் வில்லன் நேரில் பேச வேண்டியிருந்தது. மகள் பேசிப் பார்த்தாள், குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "நீங்களே பேசுங்க அத்தா. ப்ளீஸ்." எனக்குக் கூச்சம். முகம் தெரியாமல் சமையலறைச் சுவருக்குப் பின்னால் நின்று பேசுவதாக ஒப்புக்கொண்டேன். என் குரல் எழும்பவே இல்லை. நாக்கு வறண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விழுந்தது. அதுதான் அவர்களை நடுங்க வைத்தது என்று மகள் பிறகு சொன்னாள். பயந்தவன் பேசியதைக் கேட்டுப் பயந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். ஒரு பக்கம் வெறுமையாக உள்ள தாளை எறியமாட்டோம். மனைவி ஆபீசில் வீணான பிரிண்ட் அவுட்களைக் கொண்டுவருவாள். கோணலாக விழுந்த ஜெராக்ஸ் பிரதிகளை நானும் அதோடு சேர்ப்பேன். எல்லாம் ஒரு ரப்பர் பேண்டுக்குள் சமையலறை இழுப்பறையில் இருக்கும். மளிகைப் பட்டியல், மகளின் கணக்கு எல்லாம் அதில்தான். வில்லனின் கடிதங்களும் அதில்தான். தோழிகள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்து போவார்கள் என்பதால், எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பேன். மேலே பார்த்தால் அச்சடித்த பக்கம் மட்டும் தெரியும்.

நவம்பரில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. குடும்பம் மூன்று பேரும் நூவார்க் அலுவலகத்துக்கு வர வேண்டும். ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. கோப்பை அடுக்கும் வேலை என்னுடையது.

புதன்கிழமை மதியம் அடுத்த ஆட்டத்துக்கான கடிதத்தை எழுதினேன். இருந்ததிலேயே மோசமான கடிதம் அதுதான். நீங்கள் பாலத்தருகே விடுதியில் தங்கியிருப்பது எனக்குத் தெரியும். உங்கள் பெயர்கள் என்னிடம் உள்ளன. முதல் பனி விழும் நாளில் வாசல் மூடப்படும். அதற்குள் உங்களில் ஒருவர் இருக்கமாட்டார். தற்சமயம் உங்கள் தரப்பில் எந்த நடவடிக்கையும் தேவையில்லை. கீழே ஒரு வரைபடம் போட்டேன். பாலம், வாசல், காவலர்கள் நிற்கும் இடங்களில் பெருக்கல் குறி. மகள் பள்ளியிலிருந்து வந்து இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். கவிழ்த்து வைத்தேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு மனைவி கோப்பைச் சரிபார்த்தாள்.

"நிக்காஹ் பத்திரத்தோட இங்கிலீஷ் ட்ரான்ஸ்லேஷன், ரெண்டு காப்பி கேட்டிருக்கான். ஒண்ணுதாங்க இருக்கு!"

ஜெராக்ஸ் எடுக்க நூலகம் திறக்கப் பத்து மணி ஆகும். கோணலாக விழுந்த பிரதி ஒன்று ரப்பர் பேண்ட் கட்டுக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. இழுப்பறையைத் திறந்தேன். நல்ல வேளையாக மேலேயே இருந்தது. கொஞ்சம் சாய்ந்திருந்ததே தவிர எல்லா எழுத்தும் தெரிந்தது. கோப்பில் செருகினேன். "அப்பாடா," என்றாள் மனைவி.

நூவார்க்கில் பெரிய கூடம். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். நீளமான பெஞ்சுகள், சுவரோரம் சீருடைக் காவலர், கூரையில் காமிரா. கோப்பு மனைவியின் மடியில் இருந்தது. மகள் எனக்கு மறுபக்கம்.

"அத்தா, சாட்டர்டேக்கு லெட்டர் எங்க வச்சீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"ட்ராயர்லதான். கட்டுல மேலேயே..."

சொல்லி முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் மேலே இருந்த தாளைத்தான் எடுத்தேன். புதன்கிழமை எழுதிக் கவிழ்த்து மேலே வைத்ததும் அதே தாளைத்தான்.

கோப்பைப் பார்த்தேன். அதை வாங்கித் திறந்து அந்தத் தாளை உருவ வேண்டும். உருவினால் பத்திரம் குறையும். உருவியதை எங்கே வைப்பேன்? சட்டைப்பைக்குள் மடித்துத் திணிப்பதைக் காமிரா பார்க்கும். ஒரு வரைபடம், காவலர்கள் நிற்கும் இடங்கள், உங்களில் ஒருவர் இருக்கமாட்டார். எல்லாம் என் கையெழுத்தில், என் நிக்காஹ் பத்திரத்தின் முதுகில், எங்கள் இருவர் பெயரோடு.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? தண்ணி வேணுமா?"

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சுவரோரக் காவலர் கொட்டாவி விட்டபடி எங்கள் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்ல," என்றேன். அதற்குள் எங்கள் எண்ணை அழைத்துவிட்டார்கள்.

சின்ன அறை. அதிகாரி என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கண்ணாடி கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கியது. மேஜை மேல் எங்கள் கோப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

"உட்காருங்கள். வழியில் டிராபிக் இருந்ததா?" என்றார். மெதுவான குரல்.

வலது கை உயர்த்தி உண்மையே சொல்வதாக உறுதி எடுத்தோம். மனைவியிடம் வேலையைப் பற்றிக் கேட்டார். மகளிடம் எந்த வகுப்பு என்று கேட்டார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான் அவர் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறப்புச் சான்று. இன்னொரு பிறப்புச் சான்று. நிக்காஹ் பத்திரம். அதன் மொழிபெயர்ப்பு, நல்ல பிரதி. பிறகு கோணல் பிரதி. அதன் மேல் விரல் நின்றது. நான் பால்பாயிண்டை அழுத்தி எழுதுகிறவன். தாளில் பின்பக்க எழுத்து மேடு தட்டியிருந்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளைத் திருப்பினார்.

படித்தார். வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி மேலிருந்து படித்தார். மனைவி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"இதை எழுதியது யார்?"

"அது ஒரு கேம்..." என்று மகள் ஆரம்பித்தாள். அவர் அவளைப் பார்த்து லேசாகக் கையை உயர்த்தினார். கோபமெல்லாம் இல்லை. "உன் அப்பா சொல்லட்டும்."

இந்த நாட்டுக்கு வந்த எட்டு வருடத்தில் நான் ஒரு அதிகாரியிடம் சொந்தமாக ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. எப்போதும் மனைவி பேசுவாள், நான் தலையாட்டுவேன்.

"நான்தான் சார். ஒரு கெட்டவன். குழந்தைகள் விளையாட்டு. கதை."

"ஏன் எழுதினீர்கள்?"

"என் மகளுடைய கெட்டவன் கத்தினான். யாரும் பயப்படவில்லை."

"இவனுக்குப் பயப்படுகிறார்களா?"

என்ன பதில் சரியான பதில் என்று எனக்குத் தெரியவில்லை. உறுதிமொழி எடுத்திருந்தேன். "நான் பயப்படுகிறேன் சார்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிடம்," என்று வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"யா அல்லாஹ், என்னங்க அது? என்னத்த எழுதி வச்சிருக்கீங்க?" மனைவியின் குரல் மூச்சாகத்தான் வந்தது.

"வில்லனோட லெட்டர்."

"அதுக்கு வேற பேப்பரே கிடைக்கலியா? ஒரு புதுப் பேப்பர எடுத்தா வீடு முழுகிடுமா?"

"நீதானே ஆபீஸ்லேர்ந்து கட்டுக் கட்டா..."

"பேசாதீங்க. மைக் இருக்கும்." பிறகு அவளே, மேஜையைப் பார்த்தபடி, "எட்டு வருஷம்ங்க," என்றாள்.

அவள் அழவில்லை. கைப்பை வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வேலைக்குப் போய், மேலே படித்து, ஊரில் தன் உம்மா மௌத்தாகி அடக்கமானபோதுகூடத் திரும்பி வர முடியாதோ என்று போகாமல் இருந்தவள் அவள். அவள் அடுக்கிய எட்டு வருடத்தை நான் ஒரு மதியத்தில் பால்பாயிண்டால் கிறுக்கிவிட்டேன். சுவரில் கடிகாரம் இருந்தது. வெளியே நடைபாதையில் காலடிகள் வந்து போயின. ஒவ்வொன்றும் முதலாளியின் செருப்புச் சத்தமாகவே என் காதில் விழுந்தது. யாரைக் கூட்டிவரப் போயிருக்கிறார்? எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக அடைத்து வைப்பார்களா, தனித்தனியாகவா? மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஐந்து வயதுக்குப் பிறகு அப்படிப் பிடித்ததில்லை.

கதவு திறந்தது. அவர் மட்டும்தான் வந்தார். கையில் இரண்டு தாள்கள். ஒன்று சூடான புதுப் பிரதி, பின்பக்கம் வெறுமையாக. அதைக் கோப்பில் வைத்தார். பழைய தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்களுடையது. முடிவைத் தபாலில் தெரிவிப்போம். தற்சமயம் உங்கள் தரப்பில் எந்த நடவடிக்கையும் தேவையில்லை."

கடிதத்தில் நான் எழுதியிருந்த அதே வரி. தமாஷாகச் சொன்னாரா, எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னாரா? அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வரைபடத்தின் பிரதி எங்கள் கோப்பில் இருக்கிறதா இல்லையா, அதுவும் தெரியவில்லை. தெரியாததுதான் மோசம்.

திரும்பும் வழியில் கார் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "பதினாலு நிமிஷம் அத்தா. நான் க்ளாக் பாத்தேன். வில்லன் நம்ம பேப்பர எடுத்துட்டு ரூமை விட்டுப் போயிடணும். அதான் ஸ்கேரியஸ்ட்."

"வாய மூடு!" என்றாள் மனைவி. இரண்டு மைல் கழித்து, "எனக்கும் அதான் தோணுச்சு," என்றாள்.

அதற்குப் பிறகு வில்லனாகப் பேச நான் மறுத்துவிட்டேன். கடிதங்களும் எழுதவில்லை. தபால்பெட்டியை மட்டும் ஒரு நாளில் இரண்டு தடவை திறந்து பார்த்தேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஒன்றும் வரவில்லை. மகள் சமாளித்து ஆட்டத்தை நடத்தினாள். கடைசியில் மார்ச் மாதத்தில் வழிப்போக்கர்கள் அவன் அறைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். "கடைசித் தடவ அத்தா. நீங்க பேசலேன்னா அவன் அவன் இல்ல," என்று கெஞ்சினாள். சுவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர்கள் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பகடையை உருட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் சிப்ஸ் பெண் பகடையைத் தொடவில்லை.

"அவனை ஒண்ணு கேக்கணும்," என்றாள். "நீ சாப்பிட்டியா?"

மகள் என் பக்கம் பார்த்தாள். தாளில் அதற்குப் பதில் இல்லை. அந்த மனிதனை யாராவது கேட்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. முதலாளியை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. நூவார்க் அதிகாரி கோப்பை மூடிவிட்டு மதியம் என்ன சாப்பிட்டிருப்பார் என்றும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஆட்டம் நடந்த அன்றும் காலையிலிருந்து எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. தபால் வரும் நாள்களில் அப்படித்தான்.

"இல்லை," என்றேன். வில்லன் குரலில்தான் சொன்னேன். எனக்கு இருந்தது அந்த ஒரு குரல்தான்.

சுவர் ஓரத்தில் ஒரு கை நீண்டது. கையில் சிப்ஸ் பொட்டலம். ஒன்றை எடுத்துத் தின்றேன். அது நொறுங்கிய சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"அத்தா! வில்லன் சாப்பிடக் கூடாது!" என்று மகள் கத்தினாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வில்லன் ஊர் வாசலைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு அரைமணி நேரம் சண்டை.

கார்டுகள் ஏழு வாரம் கழித்து வந்தன. ஒரே நாளில் மூன்று உறைகள். நான் நடைபாதையிலேயே நின்று என்னுடையதைப் பிரித்தேன். முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தேன்.

"என்னத்தங்க தேடுறீங்க?" என்றாள் வாசலில் நின்ற மனைவி.

"ஏதாவது எழுதியிருக்கான்னு."

அவளும் தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தாள்.